வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறீர்களா? கடைமடையிலிருந்து கணக்குப் போடுங்கள்

"எந்த சிலபஸ் எடுத்திருக்கீங்க?" பிள்ளைகளை வீட்டில் வைத்துத்தான் படிக்கவைக்கிறோம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சர்ட்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று இரண்டாவது கேள்வி வரும். வரிசை மாறிப்போச்சு என்பேன் நான். சர்ட்டிபிகேட் கேள்விக்குப் பதில் கையில் இருந்தால் சிலபஸ் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும். எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீரைப் பிரிக்கும்போது கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயல்களுக்கு, எவ்வளவு போய்ச் சேரவேண்டும் என்று பார்த்துத்தான் மேலே மதகை எவ்வளவு தூக்குவது என்று முடிவு செய்வார்கள், அல்லது செய்யவேண்டும். பிள்ளை பதினைந்து பதினாறு வயதில் எந்த வாசல் வழியாக வெளியே போகப்போகிறது என்று முதலில் பாருங்கள், புத்தகம் அப்புறம் வாங்கலாம். நான் இதைத் தலைகீழாகச் செய்து பட்டவள், அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிறோம். இவருக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை, கூடவே கொஞ்சம் நிலம். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்த சமயம் மூன்றாம் வகுப்பில் இருந்த பெரியவளுக்கு நானே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன், பள்ளி திறந்த பிறகும் அனுப்பாமல் விட்டுவிட்டோம். சின்னவன் பால்வாடியோடு சரி, அவனுக்கு இப்போது ஒன்பது வயது. பெரியவள் இந்த ஜூனில் எட்டாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

2009-இல் இயற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பலபேர் செய்கிறார்கள், நாங்களும் செய்கிறோம், ஆனால் "ஹோம்ஸ்கூலிங்குக்கு முழு அனுமதி இருக்கு, கவலைப்படாதீங்க" என்று யாராவது அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நீங்களே சட்டத்தை ஒருமுறை படித்துப்பாருங்கள். அதே சட்டத்தின் 4-வது பிரிவு நமக்கு ரொம்ப உதவியானது: பள்ளியில் இல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு வரை இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அதற்கு மேல் அந்தந்தப் பள்ளியையும் நம் காகிதங்களையும் பொறுத்தது.

வருஷா வருஷம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆள் வருவார்கள். முதல் தடவை வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வந்தவர் பக்கத்து ஊர் டீச்சர், நல்ல மனுஷி. திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, சின்னவனிடம் செய்தித்தாளைக் கொடுத்து நாலு வரி படிக்கச் சொன்னார், படித்தான். நான் நோட்டுகளை எடுத்து வைத்தேன். "எப்ப வேணும்னாலும் கொண்டாந்து சேர்த்துருங்கம்மா, மனசுல வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒளிந்துகொள்ளாதீர்கள், பொய் சொல்லாதீர்கள், பிள்ளை என்ன படிக்கிறது என்று காட்ட ஒரு நோட்டாவது கையில் இருக்கட்டும்.

வெளியே போக என்னென்ன வாசல்

என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்தான் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் அதிகம் எடுக்கும் வழி. 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், பிறந்த தேதிக்குச் சான்று வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்கவேண்டும். தேர்ச்சிக்கு 33 சதவீதம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மே வாக்கிலும் அக்டோபர் நவம்பர் வாக்கிலும் தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷத்துக்குள் பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம், மொத்தமாக ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. கணக்கு வராத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பெற்றவர்களுக்குத் தெரியும். மனையியல், ஓவியம், கர்நாடக இசை எல்லாம்கூடப் பாடமாக இருக்கின்றன. திருவையாற்றுப் பக்கம் பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒன்று மட்டும்: பிள்ளை மனதில் ஏதாவது குறிப்பிட்ட கல்லூரியோ வேலையோ இருந்தால் அங்கே திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழை ஏற்கிறார்களா என்று அவர்களுடைய கையேட்டிலேயே பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

இரண்டாவது, நம் மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராக எழுதுவது. பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. அதைப் பிடித்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போகலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு, அதற்குத் தனியாகப் பெயர் பதிந்து ஒரு பள்ளியில் பயிற்சி எடுக்கவேண்டும். இந்த அறிவிப்பு செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும், கண்ணில் படாமல் போனால் ஒரு வருஷம் போச்சு. தமிழ்வழியில் படிக்கவைப்பவர்களுக்கு இதுதான் இயல்பான வழி, புத்தகமும் அதே சமச்சீர்ப் புத்தகம்.

மூன்றாவது கேம்பிரிட்ஜ் மாதிரி வெளிநாட்டுத் தேர்வு. பாடத்துக்குப் பாடம் ஆயிரக்கணக்கில் கட்டணம், தனித்தேர்வரை ஏற்றுக்கொள்ளும் மையத்தைத் தேடி டெல்டாவிலிருந்து அலையவேண்டும். வசதி இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

நான்காவது வாசல்தான் எனக்கு யாரும் சொல்லாதது: திரும்ப அரசுப் பள்ளி. இதில் ஒரு மதகு ஆறாம் வகுப்பில் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே ஆறாம் வகுப்புக் கணக்கு. இது எனக்கு உறைத்தபோது பெரியவள் ஏழாம் வகுப்பு வயதில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என்று நினைத்து நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை. இவர்தான், "அவ டாக்டருக்குத்தான் படிக்கப் போறான்னு உனக்கு யார் சொன்னா, போய்ப் படு" என்றார். இருந்தாலும் அது அவளுடைய வாசல், அவளைக் கேட்காமல் நான் அடைத்துவிட்டேன்.

ஆகையால் வீட்டில் படிக்கவைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, ஐந்தாம் வகுப்பு வயது வரை பயப்படாமல் செய்யுங்கள், எந்த வாசலும் அடைபடாது. பத்து வயது முடிகிற கோடையில் பிள்ளையையும் உட்காரவைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுங்கள். ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியா, இல்லை கடைசிவரை வீடுதானா என்று. கடைசிவரை வீடு என்றால் எந்தத் தேர்வு என்பதை அன்றைக்கே நோட்டில் எழுதிவையுங்கள்.

ஐந்தாம் வகுப்பு வரை பாடத்திட்டம் வாங்காதீர்கள்

நான் வாங்கினேன். ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு பாடப்பெட்டி வந்தது, வழவழ தாள், வண்ண அட்டைகள், ஒட்டுப்படங்கள். முதல் பாடம் பருவங்கள். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம். பனிமனிதனுக்குக் கேரட்டில் மூக்கு. பெரியவள் இரண்டு நாள் வண்ணம் தீட்டிவிட்டு, "நம்ம ஊர்ல எப்பம்மா இலை உதிரும்?" என்று கேட்டாள். வாசலில் நிற்கிற வேப்பமரத்தைக் காட்டி மாசி, பங்குனி என்றேன். பெட்டியில் அப்படி இல்லையே என்றாள். குறுவை, சம்பா, தாளடி, கோடை என்று நாலு பெயரைச் சாப்பாட்டோடு சாப்பாடாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பனிமனிதன் எதற்கு? பெட்டி பரணில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சமச்சீர்ப் புத்தகங்கள் பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் வாங்கினாலும் பெரிய விலை இல்லை. அதை அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் வயதுக்குரிய புத்தகத்தைத் திறந்து, இதில் உள்ளது இவனுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராத இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த மூன்று மாதம் அந்தப் புள்ளிகள்தான் பாடத்திட்டம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஓட்டப்போகிறீர்கள் என்றால் பள்ளிக்கே அனுப்பலாம், அவர்கள் அதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

இங்கிலீஷுக்கு ஒரு வழி சொல்கிறேன். சமச்சீர் அறிவியல் புத்தகம் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இருக்கிறது, பாடம் ஒன்றுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவையுங்கள். முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளட்டும், மறுநாள் அதே பத்தியை ஆங்கிலத்தில் வாய்விட்டு. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் பயம் காட்டாது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கொடுக்கிற காசுக்கு நல்ல மீன் வாங்கிச் சாப்பிடலாம்.

தமிழ் படிக்க எழுத்து வரிசைப்படி அ-வில் தொடங்காதீர்கள். ட, ப, ம மாதிரி கோடு நேராகப் போகிற எழுத்துகள் முதலில், அதைவைத்துப் படம், பட்டம், மடம். ஒரு வாரத்தில் பிள்ளை ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிடும், அந்த ருசி கண்டால் மீதி வந்துசேரும். அப்புறம் பஸ் போர்டு. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே ஊர்ப் பெயர்களில் பாதி எழுத்து முடிந்துவிடும். சின்னவன் திருத்துறைப்பூண்டியைப் படித்த அன்று பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி கத்தினான்.

கணக்கு வயலில் இருக்கிறது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நீட்டிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் படிக்கிறதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

டெல்டாவில் நிலத்தை மாக்கணக்கில்தானே சொல்கிறோம். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. சின்னவனுக்குப் பரப்பளவு சொல்லிக்கொடுக்க நான் புத்தகத்தில் இருந்த செவ்வகத்தைக் காட்டி மூன்று நாள் மாரடித்தேன், அவனுக்கு நீளமும் அகலமும் பெருக்கினால் ஏன் பரப்பு வருகிறது என்பது ஏறவே இல்லை. இவர் பட்டறையிலிருந்து வந்தவர் மூங்கில் கழி ஒன்றைப் பன்னிரண்டு அடிக்கு வெட்டிக் கொடுத்து, "போய் நம்ம மேலத்துண்டை அளந்துட்டு வா" என்றார். அறுவடை முடிந்து உளுந்து எடுத்துக் காய்ந்து கிடந்த வயல். அக்காளும் தம்பியும் வரப்போரமாகக் கழியைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு பக்கம் சரியாகப் பத்துக் கழி. மறுபக்கம் ஒன்பதரை. வயலுக்குள் சுண்ணாம்பு தூவிக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண்ணினான், தொண்ணூறு முழுக் கட்டம், பத்து அரைக் கட்டம், ஆக 95 குழி. பெருக்கிப் பார்த்தான், அதே 95. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் பத்திரத்தில் அது ஒரு மா. "அப்பாயி, அஞ்சு குழியைக் காணும்" என்று பயல் வாசலில் இருந்தே கத்திக்கொண்டு வந்தான். என் மாமியாருக்கு அதுபோதும். முப்பது வருஷமாகப் பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கணக்கோடு சாட்சி கிடைத்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவர் போய் மறித்து, வரப்பே ஒன்றரை முழ அகலம் இருக்கு, கழி வளைஞ்சிருக்கும் என்று ஏதேதோ சொல்லிச் சமாதானப்படுத்தினார். அளவுப் பாடம் எடுப்பவர்கள் முடிவைச் சபையில் சொல்லவேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அதோடு நிற்கவில்லை. 20 மா ஒரு வேலி என்றால் ஒரு மா என்பது இருபதில் ஒரு பங்கு. எண்சுவடி என்கிற பழைய வாய்ப்பாட்டு நூலில் 1/20 என்ற பின்னத்துக்கே மா என்றுதான் பெயர். காணி 1/80, அரைக்கால் 1/8, மாகாணி 1/16, முந்திரி 1/320. "மாகாணி"யை உடைத்துப் பாருங்கள்: மாவும் காணியும், 1/20-ம் 1/80-ம் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பின்னம் கூட்டுவதற்கு இதைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, பெயருக்குள்ளேயே விடை இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வேலியை இப்படிப் பின்னத்துக்குப் பின்னமாக நறுக்கி நம்பமுடியாத சின்ன அளவுவரை நிலம் அளந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் பெரியவள் தஞ்சாவூர் போகவேண்டும் என்றாள்.

போனோம். 1010-இல் குடமுழுக்கு நடந்த பெரியகோயில், விமானம் ஏறத்தாழ 216 அடி. அதன் நிழல் தரையில் விழாது என்று வழிநெடுக யாராவது சொல்லுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகளை நிற்கவைத்துக் காட்டுங்கள், நன்றாகவே விழுகிறது. யார் சொன்னாலும் நேரில் பார்த்துவிட்டு நம்பு என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 நெருங்கினால் அணை நோட்டு ஆரம்பமாகிவிடும். செய்தித்தாளில் வரும் நீர்மட்டத்தைத் தினமும் எழுதிக் கோட்டுப்படம் வரைவது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? 86,400 விநாடியால் பெருக்கினால் 86.4 கோடி கன அடி, ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, ஆக முக்காலே அரைக்கால், அதாவது 7/8 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் குறைச்சல். தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும், அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். அப்புறம் எங்கள் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி பிரியும். அங்கே போய் நின்று தண்ணீர் வருவதைப் பார்த்தால் வரைபடம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று கருவி வைத்துப் பார்ப்பதும் 40 கிலோ மூட்டை போடுவதும் சதவீதப் பாடம். அங்கே நாள்கணக்கில் காத்துக் கிடப்பது என்ன பாடம் என்று கேட்காதீர்கள்.

உங்களிடம் நிலம் இல்லையா, பரவாயில்லை. மளிகைக் கடை சிட்டை இருக்கிறது, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்ற கணக்கு இருக்கிறது, வேதாரண்யத்தில் உப்பளம் இருக்கிறது, கோடியக்கரையில் பூநாரை வரும்.

ஒரு நாள் எப்படிப் போகும்

முதல் மாதம் நான் பள்ளிக்கூடமே நடத்தினேன். ஒன்பது மணிக்குப் பித்தளைச் செம்பில் கரண்டியால் மணி, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பாடம், மூன்றரை வரை. பதினோராம் நாள் பெரியவள் அழுதாள், நான் அழுதேன், குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

இப்போது காலை எட்டிலிருந்து பத்துவரை கணக்கும் தமிழும், அவ்வளவுதான் கட்டாயம். பதினொன்றுக்கு மேல் அரை மணி நேரம் இங்கிலீஷ். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் தாராளம், பத்து வயதுக்கு இரண்டு, இரண்டரை. பள்ளியில் ஏழு மணி நேரம் ஆகிறதே என்று பயப்படாதீர்கள், நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உட்காரவைக்கிற நேரமெல்லாம் அதில் சேர்த்திதான். மதியம் படுத்துக்கொண்டு கதைப்புத்தகம், ஊர்ப்புற நூலகத்தில் எடுத்தது. சாயங்காலம் வெளியே. போன் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கேட்டால் களத்தில் நெல் கிளறவேண்டும்.

வருஷத்தையும் பள்ளி மாதிரி ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் வெளியே போக முடியாது, கனமான பாடமெல்லாம் அப்போது. தை மாசியில் சம்பா அறுப்பு, வீட்டில் யாருக்கும் தலைசொறிய நேரம் இருக்காது, அப்போது புத்தகத்தைத் தொடவே மாட்டோம். கோடையில் காலை ஆறு மணிக்குப் படித்து எட்டு மணிக்கு முடித்துவிடுவோம்.

தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: என்ன படித்தது, எங்கே திணறியது, என்ன கேட்டது. அம்மா எழுதவேண்டும் என்று இல்லை, எட்டு வயதுக்கு மேல் பிள்ளையே எழுதலாம். கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் புரட்டிப் பார்த்ததும் இந்த நோட்டைத்தான்.

வீட்டு ஆட்களும் ஊர் வாயும்

"புள்ளைய மாடு மேய்க்க விடப்போறியா" என்று மாமியார் ஆறு மாதம் பேசினார். பதில் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். சாயங்காலம் கதை சொல்வது, பழமொழி, விடுகதை, எல்லாம் அப்பாயி பொறுப்பு என்று ஒப்படைத்தேன். இப்போது கல்யாண வீட்டில் யாராவது குறை சொன்னால் எனக்கு முன்னால் அவர்தான் சண்டைக்குப் போகிறார்.

சில பேர் ராமானுஜன் பள்ளிக்கா போனார் என்று ஆரம்பிப்பார்கள். போனார். கும்பகோணத்தில் டவுன் ஸ்கூலில்தான் படித்தார், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள், உங்கள் வாதத்துக்கு மட்டும் அவரை இழுக்காதீர்கள்.

புருஷன் பங்கு எடுக்கவில்லை என்றால் இதில் இறங்காதீர்கள். சமையல், மாமனார் மாமியார், மாடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் ஒரே ஆள் தலையில் என்றால் ஒரு வருஷத்தில் அந்த ஆள் படுத்துவிடுவார். எங்கள் வீட்டில் கணக்கு இவருடையது, நான் மொழி. வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலை, குடிப்பழக்கம், கடன் தொல்லை என்று இருந்தால் பிள்ளைக்குப் பள்ளிதான் நிழல். காலை உணவும் மதிய உணவும் அங்கே கிடைக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை.

தனிமை. இதைப் பூசி மெழுகப் போவதில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒன்பதிலிருந்து நாலரைவரை பள்ளியில். சின்னவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, நாலரைக்கு மேல் வாய்க்கால், கபடி என்று ஓடிவிடுவான். பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் நிலைமை வேறு. சாயங்காலம் வெளியே விளையாடுகிற பெண்களே குறைவு. தோழிகள் பள்ளியில் நடந்ததைப் பேசும்போது அவள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பாள். போன சித்திரையில் ஒரு நாள் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "நான் ஸ்கூலுக்குப் போறேம்மா" என்றாள், ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட குரலில். எனக்குச் சுருக்கென்றது. சரி என்றேன்.

திரும்பச் சேர்க்கும்போது

அரசுப் பள்ளிக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், முன்பு படித்திருந்தால் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.), கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண், இவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். பள்ளியிலிருந்து நிறுத்தும்போதே டி.சி.யைக் கையோடு வாங்கிவிடுங்கள். நாங்கள் வாங்கவில்லை. பழைய தனியார் பள்ளியில் மூடியிருந்த மாதங்களுக்கும் சேர்த்துப் பீஸ் கட்டினால்தான் தருவோம் என்று இழுத்தடித்தார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவில், டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன், எடுத்துக் காட்டத் தேவைப்படவில்லை. தலைமையாசிரியை பெரியவளை ஒரு பத்தி படிக்கச் சொன்னார், ஒரு வகுத்தல் கணக்குப் போட்டார், எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

பாடத்தில் அவளுக்குப் பெரிய சிக்கல் இல்லை, சமூக அறிவியலில் மட்டும் விட்டுப்போன புள்ளிகள் நிறைய. கை வேகம்தான் உதைத்தது. கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து மடமடவென்று எழுத அவளுக்குப் பழக்கமே இல்லை, காலாண்டுத் தேர்வில் கடைசிக் கேள்விகளைத் தொடவே நேரமில்லாமல் வந்தாள். அதனால் சின்னவனுக்கு இப்போது தினமும் பத்து நிமிஷம் கடிகாரம் வைத்துப் பார்த்தெழுதுகிற பயிற்சி. அடுத்த கோடையில் அவனுக்குப் பத்து வயது முடிகிறது, நோட்டை விரித்துவைத்துக்கொண்டு அவனோடும் உட்காரவேண்டும்.